பதிவேட்டில் பாட்டி எங்கே? கடலூர், புதுச்சேரி கலப்பு மணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்துச் சோல்ஜர், பிரெஞ்சுக் குமாஸ்தா, சைகோனுக்குப் போன தாத்தா என்று ஆண்களின் கதை வீடுகளில் தங்கியிருக்கிறது. அவர்கள் கட்டிய பெண் யார் என்று கேட்டால் ஒரு ஞானஸ்நானப் பெயருக்கு மேல் யாருக்கும் தெரிவதில்லை. அவளைத் தேடுகிறவர்களுக்காக இந்தப் பக்கம். தேடும் வழி, தேடலில் வழுக்கும் இடங்கள், அந்தக் கால மணங்களின் சட்டப் பின்னணி ஆகியவற்றோடு, இன்று அப்படி மணம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியதும் கடைசியில் இருக்கிறது.

இந்தக் கரையை எல்லைப்புறம் என்று ஏன் சொல்கிறீர்கள்?

ஒரு பகல் நடைக்குள் கொடி மாறிய கரை இது. பரங்கிப்பேட்டையின் பெயரிலேயே போர்த்துகீசியர் இருக்கிறார்கள். 1620இல் டேனியர் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் குடியேறினார். 1690இல் ஆங்கிலேயர் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள ஊர்கள் தங்களுக்கு என்பது அந்தக் கிரயத்தின் நிபந்தனை. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கோட்டைகளுக்கு வந்த ஆண்களில் பெரும்பாலோர் தனியாள். ஐரோப்பாவிலிருந்து பெண்கள் வந்தது மிகக் குறைவு. சமையல், மருந்து, மொழி, கடன், கடைத்தெரு, உறவு எல்லாம் உள்ளூர்ப் பெண் வழியாகவே நடந்தன. அவளில்லாமல் கோட்டைக்குள் ஒரு குடும்பம் நடந்திருக்காது.

அவர்கள் மணந்தது தமிழ்ப் பெண்களையா, போர்த்துகீசியப் பெண்களையா?

இரண்டும் உண்டு. தொடக்கத்தில் அதிகம் நடந்தது போர்த்துகீசியக் கலப்புக் குடும்பத்துப் பெண்களோடு. நூறு நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தக் கரையில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அவை. பேச்சு உடைந்த போர்த்துகீசும் தமிழும். ஏட்டில் ‘போர்த்துகீசியப் பெண்’ என்று இருந்தால் லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்தவள் என்று கொள்ளாதீர்கள். அவள் பாட்டியும் பூட்டியும் பெரும்பாலும் இந்தக் கரைக்காரிகள்.

தொப்பாசு என்ற சொல்லும் வரும். தொப்பி போட்டு, சட்டை மாட்டி, ஐரோப்பியப் பெயர் வைத்துக்கொண்ட கிறித்தவர்களை அப்படி எழுதினார்கள். அவர்களில் கலப்பு வழியினரும் இருந்தார்கள், முழுக்க உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். சொல்லை வைத்து இரத்தத்தைக் கணக்கிட முடியாது. கிரியோல் (இங்கே பிறந்த ஐரோப்பியர் அல்லது கலப்பு வழியினர்) என்ற சொல்லும் புதுச்சேரியில் காலத்துக்கும் வீட்டுக்கும் ஏற்பப் பொருள் மாறியது.

இப்படி மணம் செய்யக் கும்பினியே காசு கொடுத்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1687 ஏப்ரலில் லண்டன் இயக்குநர்கள் சென்னைக் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. கும்பினிச் சிப்பாய் உள்ளூர்ப் பெண்ணை மணந்து பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில், தாயின் கையில் ஒரு வராகன் (பொற்காசு) தரலாம் என்றார்கள். பெண்ணின் மேல் வந்த பரிவு அல்ல அது. சிப்பாய்கள் கத்தோலிக்கப் பெண்களை மணந்து, பிள்ளைகள் கத்தோலிக்கராக வளர்வது அவர்களுக்குக் கவலையாக இருந்தது. கோட்டைக்கு அடுத்த தலைமுறைச் சிப்பாய்களும் வேண்டியிருந்தார்கள். 1698 சாசனம், இந்தியாவுக்கு வரும் பாதிரிகள் ஓராண்டுக்குள் போர்த்துகீசியம் கற்க வேண்டும் என்றதும் இந்த வீடுகளின் பேச்சுமொழி அதுவாக இருந்ததால்தான்.

புதுச்சேரிப் பாட்டியைத் தேட எங்கே தொடங்குவது?

வீட்டிலிருந்து. கிடைக்கும் மிகக் கடைசிப் பத்திரத்தை, அதாவது உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பிறப்பையோ இறப்பையோ எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். மேலிருந்து கீழே வருகிறவர்கள் பெரும்பாலும் வேறொருவர் குடும்பத்தில் போய் நிற்பார்கள். வரிசை இது: குழந்தையின் பிறப்புப் பதிவு, பெற்றோரின் திருமணப் பதிவு, அதில் சொல்லியிருக்கும் வயதைக் கழித்துத் தாயின் பிறப்பு, பிறகு அவள் இறப்பு.

புதுச்சேரியின் கோயில் ஏடுகள் 1676இலிருந்து கிடைக்கின்றன. பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதி ஆவணக் காப்பகம் புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஊர், ஆண்டு, பிறப்பா திருமணமா இறப்பா என்று தேர்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஓர் ஆண்டின் ஏட்டைத் திறந்ததும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பல ஏடுகளில் அங்கே அகரவரிசை இருக்கும், அரை நாள் மிச்சமாகும்.

பிரெஞ்சு முறையில் ஒரு பெரிய வசதி உண்டு. கலியாணமானாலும் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவார்கள். ஆகவே இறப்பு அகரவரிசையில் கணவன் பெயரின் கீழ் தேடிக் காணவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அவள் தகப்பன் பெயரில் இருப்பாள்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தடை. பிரெஞ்சுக் குமாஸ்தா நம் ‘உ’ ஒலிக்கு ஓ-யு என இரண்டெழுத்து போடுவார், ‘ச’ ஒலிக்கு டி-சி-எச் போடுவார். முத்து, பொன்னு, சின்னப்பிள்ளை எல்லாம் அடையாளம் தெரியாத உருவில் நிற்கும். பெயரை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாத தமிழ் காதுக்குத் தெரியும்.

ஏட்டில் ‘மரி, மலபார்ப் பெண்’ என்று மட்டும் இருக்கிறது. பாட்டி கேரளத்தவரா?

இல்லை. அதிகம் பேர் இடறுகிற இடம் இதுதான். 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் ‘மலபார்’ என்றே எழுதினார்கள். புதுச்சேரி ஏட்டில் அந்தச் சொல் தமிழ்ப் பெண்ணைக் குறிக்கிறது. இதை நம்பிக் கண்ணூர், மாஹே என்று தேடிக் காலத்தையும் பணத்தையும் இழந்த குடும்பங்கள் உண்டு.

‘மரி’ என்பது ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர். முந்தைய பெயரையோ தகப்பன் பெயரையோ குமாஸ்தா எழுதாமல் விட்டிருந்தால், அந்த ஒரு வரியிலிருந்து மேலே போக முடியாது. பக்கவாட்டில் போக வேண்டும்:

ஞானத்தாயின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவள் தாயின் அக்கா, அத்தை அல்லது பக்கத்து வீட்டுக்காரி. ஒரே ஞானத்தாய் மூன்று குழந்தைகளுக்கு வந்தால் உறவு என்றே பிடிக்கலாம். பிறகு எல்லாக் குழந்தைகளின் பதிவையும் எடுங்கள், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். முதல் குழந்தையின் ஏட்டில் ‘மரி’, மூன்றாவதில் ‘மரி ரோஸ்’, ஐந்தாவதில் தகப்பன் பெயரோடு முழுப் பெயர் என்று படிப்படியாக அவள் உருவம் தெளிவது உண்டு. கணவன் நிலைபெற நிலைபெற மனைவியின் பெயரும் ஏட்டில் நீள்கிறது. அவள் விதவையாகி மறுமணம் செய்திருந்தால் அந்தப் பதிவு உங்களுக்குப் புதையல், பெற்றோர், பிறந்த ஊர் எல்லாம் அதில் வரலாம்.

‘இயற்கை மகள்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். வளர்ப்பு மகள் இல்லை, சொந்த மகள் என்று பொருளா?

மணம் செய்யாத பெற்றோருக்குப் பிறந்தவள் என்று பொருள். தகப்பன் பெயர் இருந்தால் அவன் குழந்தையை ஏற்றுக்கொண்டிருக்கிறான். ‘தகப்பன் அறியப்படாதவர்’ என்றிருந்தால் ஏற்கவில்லை, அவ்வளவுதான். ஊருக்கே தெரிந்திருந்தாலும் ஏடு அப்படித்தான் சொல்லும்.

எந்தக் கோயிலில் தேடுவது?

புதுச்சேரியில் இரண்டிலும். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியருக்குக் கப்புச்சின் சாமியார்களும், தமிழ்க் கிறித்தவர்களுக்கு இயேசு சபையாரும் பொறுப்பு. அந்த வழக்கம்தான் கப்ஸ் கோயில், சம்பா கோயில் என்ற ஊர்ப் பெயர்களில் நிற்கிறது. ஆகவே பெண்ணின் ஞானஸ்நானம் ஒரு கோயில் ஏட்டிலும் கலியாணம் இன்னொன்றிலும் இருப்பது இயல்பு. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை ஊர், மேற்கே தமிழர் ஊர். பெண் வாய்க்காலைக் கடந்தபோது ஏடும் மாறியது.

நடுவில் பல ஆண்டுகள் காணவில்லையே?

போர். புதுச்சேரி 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் விழுந்து இடித்துத் தள்ளப்பட்டது, 1765இல் திரும்பக் கிடைத்தது. மறுபடி 1778 முதல் 1785 வரை, பிறகு 1793 முதல் 1816 வரை ஆங்கிலேயர் கையில். கடலூர்ப் பக்கம், 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். குடும்பங்கள் ஓடிய இடம் பல நேரம் தரங்கம்பாடி, டேனியர் போரில் சேராததால். 1761 முதல் 1765 வரை பிறந்த குழந்தை புதுச்சேரியில் கிடைக்காவிட்டால் அங்கும், சென்னையிலும், காரைக்காலிலும் பாருங்கள்.

கடலூர்ச் சிப்பாய் வீடு என்றால்?

ஆங்கிலேயர் ஏடு வேறு மாதிரி. சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. 1698இலிருந்து உள்ள அந்தத் தொகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற எண்ணில் இருக்கிறது. இங்கே மனைவி கணவன் குடும்பப் பெயரில்தான் வருவாள். பிறந்த வீட்டுப் பெயர் வேண்டுமானால் திருமணப் பதிவுதான் ஒரே வாய்ப்பு. பிரெஞ்சு ஏட்டில் பழகிய கண்ணோடு வந்தால் இங்கே ஏமாறுவீர்கள்.

கத்தோலிக்கச் சாமியார் நடத்திய மணம் லண்டன் நகலில் பெரும்பாலும் இருக்காது. கணவன் புராட்டஸ்டன்ட், மனைவி கத்தோலிக்கர் என்றால் இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

உயில்களை விட்டுவிடாதீர்கள். அதே நூலகத்தில் எல்/ஏஜி/34/29 என்ற தொகுதி. மணப் பதிவே இல்லாத பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் வீடு, நகை, மாதப் பணம் எழுதிவைத்த உயில்கள் அதில் உண்டு. ஏடு மறைத்த பெண்ணை உயில் காட்டிக்கொடுக்கும்.

தாயின் இனத்தை ஏன் மறைத்தார்கள்?

வேலைக்காக. 1791இல் கும்பினி, இந்தியத் தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தவர்களைத் தன் சிவில், இராணுவ, கடல் பணிகளில் சேர்ப்பதில்லை என்று விதித்தது. 1795இல், தாய் தகப்பன் இருவருமே ஐரோப்பிய வழியினராக இருந்தால் தவிர மற்றவர்களுக்குப் படையில் குழல், மேளம், வாத்தியம், இலாடம் கட்டுதல் போன்ற வேலைகள் மட்டும் என்றானது. நூறாண்டுக்கு முன் ஒரு வராகன் கொடுத்து வரவேற்கப்பட்ட தாய், பிள்ளைக்கு வேலை கிடைக்கத் தடையாகிவிட்டாள். அதன்பின் ஏடுகளில் தாயின் பெயர் சுருங்குவதும், போர்த்துகீசியப் பெயராக மாறுவதும், விடுபடுவதும் தற்செயல் அல்ல. 1790களுக்குப் பிந்தைய பதிவில் தாய் பற்றிய விவரத்தை ஒற்றைச் சான்றாக எடுக்காதீர்கள்.

இந்திய அரசியல் சட்டத்தின் 366(2) பிரிவும் ஆங்கிலோ-இந்தியர் என்பவரைத் தகப்பன் வழி ஐரோப்பிய மரபைக் கொண்டே வரையறுக்கிறது. தாய்வழி அங்கே கணக்கில் இல்லை.

இவையெல்லாம் விரும்பிச் செய்த மணங்களா?

அப்படிச் சொல்லக் கூடாது. இந்தக் கரையில் அடிமை வியாபாரம் நடந்தது, புதுச்சேரியிலிருந்து மொரீசியஸ், போர்போன் (இன்றைய ரீயூனியன்) தீவுகளுக்கு ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். கோயில் ஏட்டில் தாயின் பெயருக்குப் பக்கத்தில் ‘அடிமை’ என்றும், இன்னாருடையவள் என்றும் எழுதியிருக்கும். அந்த வீட்டில் பிறந்த குழந்தையின் தகப்பன் எசமானாக இருந்தால், அதைக் கலப்பு மணம் என்று குடும்ப வரலாற்றில் எழுதுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மணம் இருந்தால் மணம், இல்லாவிட்டால் இல்லை.

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் மனைவி தமிழ்ப் பெண் என்கிறார்களே?

அந்த மனைவி ழான் அல்பேர் 1706இல் புதுச்சேரியில் பிறந்தவர். தகப்பன் பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சுக் கும்பினியின் மருத்துவர், தாய் ரோஸ் தெ காஸ்த்ரோ போர்த்துகீசியக் கலப்பு வழியினர். 13 வயதில் வேன்சான் என்ற கும்பினிக்காரருக்கு மணம் முடித்தார்கள். 1739இல் விதவையானார், 1741இல் சந்திரநாகூரில் துய்ப்ளேயை மணந்தார். தமிழ் தெரிந்தவர், உள்ளூர் அரசியலில் நேரடியாகக் கைவைத்தவர். துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அவர்மேல் கசப்பு நிறைய. பிள்ளைக்கும் அவருக்கும் அதிகாரப் போட்டி இருந்தது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

தேடுகிறவர்களுக்கு இவரிடம் ஒரு பாடம் உண்டு. ஆளுநர் மனைவி என்பதால் இவர் தாயின் பெயர்வரை நமக்குத் தெரிகிறது. அதே தெருவில் சிப்பாயைக் கட்டியவளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எங்கள் குடும்பம் ‘ரெனோன்சான்’. அதில் பெண்ணின் நிலை என்ன?

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, புதுச்சேரி இந்தியர் தம் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போகலாம் என்றானது. அப்படித் துறந்தவர்கள்தான் ரெனோன்சான். துறப்பு திரும்பப் பெற முடியாதது. குடும்பப் பெயர் ஒன்று தேர்ந்துகொள்ள வேண்டும். கணவன் துறந்தால் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் சேர்ந்தே மாறினார்கள், தனியாக அவள் ஒப்புதல் தேவைப்படவில்லை. துறப்புக்கு முன் பிறந்த மூத்த பிள்ளைக்கு ஒரு பெயர், பின் பிறந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் என்று ஒரே வீட்டில் இரண்டு விதம் வருவது இதனால்தான். துறப்பு தேதியைக் கண்டுபிடித்தால் பாதி முடிச்சு அவிழும்.

இந்து திருமணச் சட்டம் 1963இல் புதுச்சேரிக்கு வந்தபோதும் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று தனியாகச் சேர்த்தார்கள். சொத்து வழக்கு உள்ளவர்கள் இதை வக்கீலிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

பாட்டி சைகோனிலிருந்து வந்தவர். பெயர் ‘தி’ என்று மட்டும் தெரியும்.

‘தி’ அவர் பெயர் அல்ல. வியட்நாமில் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் கடைசியில். நடுவில் வரும் ‘தி’ பெண் என்று காட்டும் சொல். நுயென் தி லான் என்றால் அவர் பெயர் லான், குடும்பம் நுயென். புதுச்சேரி வந்தபின் பள்ளி, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் ‘தி’யையோ ‘நுயென்’னையோ சொந்தப் பெயராக எழுதிவிட்டார்கள். நுயென் வியட்நாமில் மிகப் பரவலான குடும்பப் பெயர், அதை மட்டும் வைத்துத் தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள். தாத்தாவின் பெயரைப் பிடித்து, குழந்தைகளின் சைகோன் பிறப்புப் பதிவு வழியாகப் போங்கள். கோஷின்ஷீன் (பிரெஞ்சு ஆட்சியிலிருந்த தென் வியட்நாம்) பதிவேடுகளும் எக்ஸ் காப்பகத்தில் உள்ளன.

பாட்டி வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கலாமா?

மணம் நடந்த ஆண்டைப் பாருங்கள், அதுதான் தீர்மானிக்கும். 1927 வரை, வெளிநாட்டவரை மணந்த பிரெஞ்சுப் பெண் பெரும்பாலும் தன் குடியுரிமையை இழந்தாள். 1973 ஜனவரிச் சட்டத்துக்கு முன், பிரெஞ்சுக்காரரை மணந்த வெளிநாட்டுப் பெண் அந்த மணத்தாலேயே பிரெஞ்சுக் குடிமகளானாள். அதன்பின் தானாக வருவதில்லை.

புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்து 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள எழுத்து மூலம் தெரிவிக்க 6 மாதம் கொடுத்தது. அதைச் செய்யாத குடும்பத்தில் புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியராகிவிட்டார்கள். பிரெஞ்சு சிவில் சட்டம் 30-3 பிரிவு இன்னொரு கதவையும் மூடுகிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் குடும்பம் வெளிநாட்டில் இருந்து, நீங்களோ, குடியுரிமையைத் தரக்கூடிய தாயோ தகப்பனோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்குச் சான்று இல்லாவிட்டால் வம்சாவளியைக் காட்டி நிரூபிக்க அனுமதி இல்லை. பழைய பாஸ்போர்ட், தூதரகப் பதிவு அட்டை, இராணுவ ஓய்வூதியத் தாள் போன்றவைதான் அந்தச் சான்று. பாட்டியின் பெயர் ஏட்டில் கிடைத்ததுமே பாஸ்போர்ட் கிடைக்கும் என்று பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.

இன்று புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடிமகனை மணக்கும் பெண் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். திருமண அதிகாரியிடம் அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்து, 3 சாட்சிகளோடு கையெழுத்து. அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் மணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அதற்கு முன்பே பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் மணத் தகுதிச் சான்றுக்கு மனு போடுங்கள். அவர்கள் 10 நாள் அறிவிப்பு ஒட்டி, தேவைப்பட்டால் இருவரையும் தனித்தனியே விசாரிப்பார்கள். இதைத் தவிர்த்துவிட்டு மணம் முடித்தவர்களுக்கு, மணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றும் வேலை மாதக்கணக்கில் இழுக்கிறது. கோயிலில் தாலி கட்டியதும் மாதாகோயிலில் மோதிரம் மாற்றியதும் மட்டும் அங்கே போதாது.

குடியுரிமை வேண்டுமானால் மணமாகி 4 ஆண்டு கழித்து மனு செய்யலாம், பிரான்சில் தொடர்ந்து வசிக்காவிட்டால் பொதுவாக 5 ஆண்டு. வாங்கிய நாளில் இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கணவர் ஓசிஐ கேட்பதானால் மணம் பதிவாகி 2 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில்தான் அதிகத் தகராறு. நம் முன்னெழுத்துக்குப் பிரெஞ்சுப் படிவத்தில் இடமில்லை. பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் தனியாக, பள்ளிச் சான்றில் ஒற்றை எழுத்தாக, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று பெண்கள் என்று கேள்வி எழும். மனு போடுமுன் மூன்றையும் ஒன்றாக்குங்கள். மணமான கையோடு இந்திய பாஸ்போர்ட்டில் கணவர் பெயருக்கு மாற அவசரப்பட வேண்டாம். பிரெஞ்சுப் பதிவேடு உங்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதும். இரண்டு நாட்டுத் தாளிலும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல் இருந்தால் போதும்.